பாதிப் படம்

அத்தியாயம் பதினேழு

பஸ்ஸில் உட்கார்ந்தபடி லோகேஸ்வரி அந்த மின்னஞ்சலைத் திறந்துவிட்டாள். போன வாரம் அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத பெண் என்று எழுதி அனுப்பிய வாசகிகளுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் திட்டியது சரி. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரமும் தேவைப்படும்.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோகேஸ்வரி லிங்கிப் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அப்பா அர்ச்சுனன் முன்பு டிராக்டர் ஓட்டினார், இப்போது போர்ட்டிக்சனில் ஒரு ஹோட்டலுக்கு ஜாகா. இரவெல்லாம் கேட்டருகே காவல் உட்கார்ந்துவிட்டு விடிந்தபின் வீடு வருவார். ஃபஸீலா, லுக்குட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நாகூர் கனியின் மகள். இடைநிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார ஆரம்பித்தவர்கள், பட்டம் வாங்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. இப்போது இங்கிலாந்தில் ஒரே மாஸ்டர் படிப்புக்கு இருவரும் மனுப் போட்டிருந்தார்கள்.

முடிவு மின்னஞ்சலில் வரும். யார் பெட்டிக்கு முதலில் வந்தாலும் தனியாகத் திறப்பதில்லை. நாகூர் கனி கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துத் திறப்பது, பிறகு பெற்றவர்களிடம் சொல்வது, அதற்குப் பிறகுதான் முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாம். இதுதான் ஒப்பந்தம். சின்னப்பிள்ளைகள்போல் சுண்டுவிரலைக் கோத்து சத்தியம்கூட செய்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் அந்தச் சத்தியம் போயிற்று. லோகேஸ்வரிக்கு இடம் கிடைத்திருந்தது. திரையைப் படம்பிடித்து குடும்பக் குழுவில் போட்டாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

சனிக்கிழமை விடிந்தது.

அர்ச்சுனன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போதுதான் குடும்பக் குழுவைப் பார்த்தார். ஹோட்டல் வாசலிலேயே நின்று அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முகநூலைத் திறந்தார்.

'எங்கள் வீட்டுச் செல்வத்துக்கு இங்கிலாந்தில் மாஸ்டர் படிக்க இடம் கிடைத்துவிட்டது. வாழ்த்துங்கள் உறவுகளே!'

இதுவரை தப்பில்லை. ஒரு படம் வேண்டுமே என்று தேடியதில்தான் தப்பு வந்தது. லோகேஸ்வரி எந்தப் படத்திலும் கண்ணை மூடிக்கொள்வாள். கண் திறந்து, பல் தெரியச் சிரித்து, பட்டமளிப்பு அங்கியோடு அவள் நிற்கும் படம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பக்கத்தில் அதே அங்கியோடு ஃபஸீலா நிற்கிறாள். லோகேஸ்வரியின் தோளில் கைபோட்டு, காதில் எதையோ சொல்லி, இவளைச் சிரிக்க வைத்ததே அவள்தான். பேர் எதுவும் போடாமல் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, அர்ச்சுனன் நிம்மதியாக வண்டியை எடுத்தார்.

லோகேஸ்வரி எழுந்து போனைப் பார்த்தபோது வாழ்த்துகள் கொட்டிக் கிடந்தன. கிள்ளானில் இருக்கும் அத்தை, எஸ்டேட்டில் முன்பு கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். பாயில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகப் படித்தாள்.

நாலாவதோ ஐந்தாவதோ வாழ்த்தில் அது இருந்தது. 'ரெண்டு பேருக்கும் தாஹ்னியா!'

அவளுக்குப் புரியாமல் இல்லை. படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதனால் இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அப்பா வந்ததும் சொல்லி மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அந்த வாழ்த்துக்கு ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டாள். அடுத்ததும் அப்படியே இருந்தது, அதற்கும் ஓர் இதயம். எஸ்டேட் ஆபிசில் அவள் அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசியவரின் மகன், 'யூ மேக் அஸ் ப்ரௌட்' என்று எழுதியிருந்தான். அதை மூன்று தரம் படித்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அவளுக்கு அந்த நேரம் ரொம்பவும் சுகமாக இருந்தது. யாராவது வந்து கலைத்துவிடப் போகிறார்களே என்றுதான் பயமாக இருந்தது.

"இன்னும் பெட்டிகூடக் கட்டல, அதுக்குள்ள ஊருக்கெல்லாம் தண்டோராவா?" அம்மா மங்கம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "கண்ணு பட்டுரும்டி. ஒங்கப்பாவுக்குப் போனு வாங்கிக் குடுத்தானே ஒங்கண்ணன், அவனச் சொல்லணும்."

"விடும்மா, சந்தோசத்துல போட்டுட்டாரு."

"சந்தோசம் இருந்தா வீட்டுக்கு வந்து சொல்றது. நான் இங்கதான இருக்கேன்? ஊருக்கே போட்டுட்டாருன்னு பக்கத்து வீட்டு லெட்சுமி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியுது."

அர்ச்சுனன் வந்து, சட்டைகூடக் கழற்றாமல், மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். லோகேஸ்வரி படத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வாசலில் ஒரு மோட்டார் நின்றது. இராஜமாணிக்கம். அர்ச்சுனனோடு டிராக்டர் ஓட்டியவர், எங்கே சும்மா கிடைத்தாலும் முதல் ஆளாக நிற்பவர்.

"அர்ச்சுனா! நீ வரலையா? நாகூர் பாய் கடையில இன்னிக்கி எல்லாருக்கும் தே தாரேக் டீ சும்மாவாம்லா! மனுசன் பெலாஞ்சா பண்றாரு, எல்லாம் அவரு செலவு. ரெண்டு புள்ளைங்களும் சீமைக்குப் போவுதுன்னு கடை வாசல்ல அட்டையே கட்டித் தொங்கவிட்டிருக்காரு!"

அர்ச்சுனன் திரும்பி மகளைப் பார்த்தார். "ஃபஸீலாவுக்கும் கெடச்சிருச்சா? என்னம்மா நீ, சொல்லவே இல்லையே!"

லோகேஸ்வரி போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஒருவேளை கிடைத்திருக்குமோ? பாய் மாமா விஷயம் தெரியாமல் அட்டை கட்டுவாரா? அவரிடம் ஃபஸீலா சொல்லியிருப்பாள், அவரும் கட்டியிருப்பார். ஆண்டவா, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஃபஸீலாவுக்குப் போன் அடித்தாள்.

ஃபஸீலா வேலை செய்வது சிரம்பான் லோபாக்கில் ஒரு மருந்துக்கடையில். போனை எடுத்தவள் கொஞ்சம் பொறு என்று சொல்லி, எங்கோ உள்ளே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வாழ்த்துலா லோகா."

"ஃபஸீ... ஒனக்கு?"

"எனக்கு இல்ல."

"இன்னும் வரலையா?"

"வந்துருச்சு. போன வாரமே வந்துருச்சு. நான் தொறந்துட்டேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மன்னிச்சிக்க. சேந்துதான் தொறக்கணும்னு சொல்லிட்டு, நானும் தனியாத்தான் தொறந்தேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"ஒனக்கு இன்னும் வரலையே. நான் சொல்லியிருந்தா நீ ஒன் பயத்த விட்டுட்டு என்னப் பாத்து அழுவ. ஒனக்கும் வரட்டும், ரெண்டையும் அப்பத்தான் தொறக்கற மாதிரி ஒக்காந்து தொறந்துக்கலாம்னு இருந்தேன். நடிக்க வராதா எனக்கு?"

ஆவலைப் பொறுக்க முடியாமல் இவள் திறந்தாள். அவள் திறந்துவிட்டு, இவளுக்காக ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"அந்தப் படம் அப்பா தெரியாமப் போட்டுட்டாரு ஃபஸீ. சத்தியமா."

"அங்கிளுக்குத் தெரியாதுன்னு தெரியும்லா." "எங்க சின்னம்மா கமெண்டு போட்டிருந்தாங்க. 'மாஷா அல்லாஹ், ரெண்டு பேரும் நல்லா வரணும்'னு. அதுக்கு நீ ஹார்ட் போட்டிருக்க."

லோகேஸ்வரி கொல்லைப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடலெல்லாம் சுட்டது.

"சரி, அத விடு. கேளு," என்றாள் ஃபஸீலா. "அந்தப் படத்தப் பாத்துட்டு அத்தா காலையில கூப்புட்டாரு. 'அர்ச்சுனன் அண்ணன்கிட்ட சொல்லிட்டு என்கிட்ட சொல்லாம விட்டியா, கள்ளி'ன்னு சிரிக்கிறாரு. சுத்தி ஒரே கூட்டம். போன்ல எப்படிச் சொல்றது? கஸ்டமர் வந்துட்டாங்கன்னு வச்சிட்டேன். மதியம் எனக்கு வேலை முடிஞ்சிரும். நேரா கடைக்கு வந்து, அத்தாவ வெளிய கூப்புட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. அழிக்காதீங்க, மாத்தாதீங்க. திடீர்னு காணோம்னா அவரு கேப்பாரு. என்னப் பத்தி வேற யாரோ சொல்லி அவரு தெரிஞ்சிக்கக் கூடாது லோகா. அதுமட்டும் போதும் எனக்கு."

"சரிடி."

"நான் டேட்டாவ அடச்சி வச்சிருக்கேன். வாழ்த்து வந்துக்கிட்டே இருக்கு, தாங்கல. ஏதாவதுன்னா போன் அடி."

வைத்துவிட்டாள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, மதியம்வரை போனைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஒப்பந்தத்தைச் சொல்ல வேண்டும், பஸ்ஸில் திறந்ததைச் சொல்ல வேண்டும், காலையிலேயே தெரிந்தும் இதயம் தட்டிக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும். தலையில் கைவைத்துக்கொண்டு நின்ற மனுஷனிடம் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? அவள் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் போன் அலறியது. நாகூர் கனிதான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? புள்ளையக் கூட்டிக்கிட்டு ஒடனே வாங்க! நீங்க இல்லாம எனக்கு என்ன சந்தோசம்?"

போகாமல் இருக்க முடியுமா? மங்கம்மா ஒரு டப்பாவில் கேசரியை அடைத்துக் கொடுத்தாள். அப்பாவும் மகளும் மோட்டாரில் கிளம்பினார்கள்.

செம்பனை வரிசைகளைத் தாண்டி பெரிய சாலையில் ஏறியபிறகு, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில், பின்னாலிருந்து சொன்னாள்.

"அப்பா, அந்தப் படம் சரியில்லப்பா."

"ஏம்மா? நல்லாத்தான இருக்கு. கண்ணத் தொறந்திருக்க."

"அதுல ஃபஸீயும் இருக்கா. அவளுக்கு இன்னும்... ரிசல்ட் வரல. எல்லாரும் அவளுக்கும் கெடச்சிருச்சுன்னு நெனச்சிட்டாங்க."

வண்டி கொஞ்சம் ஆடியது. "அலாமாக்!" என்றார் அர்ச்சுனன். "பாய் கடையில அட்டை கட்டியிருக்கறது அதனாலயா? ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்."

"மதியம் ஃபஸீ வர்றா. அவளே பேசிக்கறேன்னு சொன்னா."

அவ்வளவுதான் சொன்னாள். பாதியை மறைத்தாள், 'வரல' என்று ஒரு பொய்யையும் சேர்த்தாள். தொடாதீர்கள் என்று சொல்லவேண்டிய ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, ஏன் என்று கேட்பாரே என்ற பயத்தில் அதையும் விழுங்கினாள். அர்ச்சுனன் வண்டியை லுக்குட்டுக்கு முடுக்கினார்.

கடை வாசலில் மோட்டார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பழைய காலண்டரைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம். 'எங்கள் இரண்டு மகள்களும் இங்கிலாந்து போகிறார்கள். இன்று தே தாரேக் இலவசம்.'

"வந்துட்டா என் பெரிய மக!" நாகூர் கனி இரண்டு கையிலும் குவளையோடு தேநீரை இழுத்து ஆற்றிக்கொண்டே கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து, "தாஹ்னியா, நாக்," என்று சொந்த மகளை வாழ்த்துவதுபோல் தலையசைத்தார். லோகேஸ்வரி சிரித்தாள். சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் இழுத்தது.

ரஹ்மத் நிஷா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, இவள் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அங்க குளுரு கொல்லுமாமேம்மா? ரெண்டு பேத்துக்கும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் எடுக்கணும்னு நெனச்சிருக்கேன். அவளுக்குப் பச்சை, ஒனக்கு எது புடிக்கும்?"

"எதுன்னாலும் சரி மாமி."

"பாரு, இந்த ஃபஸீலாவ. ஒரு வாரமா மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டிருந்தா. சோறுகூட சரியாத் திங்கல. நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். இதச் சொல்லாம மறைக்கத்தான் அப்படி இருந்திருக்கா, கழுத."

கடைசி மேசையில் உட்கார வைத்தார்கள். இரண்டு மின்னஞ்சலையும் சேர்த்துத் திறக்க வேண்டிய அதே மேசை. நாகூர் கனியே தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒரு உண்மைய சொல்றேம்மா. அவ மட்டும் தனியா போறேன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். பொட்டப்புள்ள, தூரதேசம், எனக்குத் தைரியம் இல்ல. நீ கூடப் போறல்ல, அதான். ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன்."

"மாமா..." என்றாள் லோகேஸ்வரி.

"சொல்லும்மா."

அந்த நேரத்தில் வாசல்பக்கம் யாரோ, "பாய்! இங்க நாலு தே!" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது லோகேஸ்வரிக்கு. அப்படி இருந்ததற்காகவே தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். குடிக்காமல் வைத்தால் கேட்பார்களே.

அர்ச்சுனன் அவளோடு உட்காரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் இராஜமாணிக்கத்தோடு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் என்னமோ தட்டிக்கொண்டிருந்தார். ஃபஸீலா வர இன்னும் எவ்வளவு நேரம் என்று வாசலையே பார்த்திருந்த லோகேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அவர் எழுந்து வந்து, குனிந்து, காதோடு சொன்னார்.

"சரி பண்ணிட்டேம்மா. இனிமே கவலப்படாத."

"என்ன பண்ணீங்க?"

"அதான், படத்த. நீ சொன்னல்ல? நான் பண்ண தப்ப நான்தான சரி பண்ணணும்."

போனை நீட்டினார். நிமிர்ந்து நேராக நடக்கும் மனுஷர். தப்பு என்று தெரிந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கமாட்டார். அதே படம். நடுவில் வெட்டி, லோகேஸ்வரியை மட்டும் வைத்திருந்தார். ஃபஸீலா இல்லை. ஆனால் லோகேஸ்வரியின் தோளில் அவள் கை அப்படியே இருந்தது, மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்பு வார்க் கடிகாரத்தோடு. மேலே எழுதியிருந்தார்: 'திருத்தம். இங்கிலாந்தில் இடம் கிடைத்தது என் மகளுக்கு மட்டும். தவறுக்கு மன்னிக்கவும்.'

"அப்பா, அழிங்க. ஒடனே அழிங்க."

"ஏம்மா?"

அவள் சொல்வதற்குள் கல்லாப் பக்கத்திலிருந்து இராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது. "என்ன பாய் இது, அர்ச்சுனன் திருத்தம்னு என்னமோ போட்டிருக்கான்?"

இராஜமாணிக்கத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கண்ணில் பட்டதை வாய்விட்டுப் படிப்பவர் அவர். நல்ல வேளையாகக் கடைச் சத்தத்தில் மற்றவர்கள் காதில் அது விழவில்லை. நாகூர் கனி குவளைகளைக் கீழே வைத்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இராஜமாணிக்கத்தின் போனை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு போனோடு கடைசி மேசைக்கு நடந்து வந்தார்.

"இந்தக் கடியாரம் நான் வாங்கிக் குடுத்தது," என்றார். "கை இருக்கு. என் புள்ளய எங்கம்மா காணோம்?"

லோகேஸ்வரி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"மாமா, அவளுக்குக் கெடைக்கல. அப்பாவுக்குத் தெரியாது, நான் சொல்லல. காலையிலயே எல்லாரும் தப்பா நெனக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். நான்தான் பேசாம இருந்தேன்."

"காலையிலயே தெரியும்."

"ஆமா மாமா."

"தெரிஞ்சிக்கிட்டே வந்து ஒக்காந்து, நான் ஊத்திக் குடுத்த டீயக் குடிச்ச."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அர்ச்சுனன் எதுவும் புரியாமல் மகளைப் பார்த்தார், அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்து, தலையைக் குனிந்துகொண்டார். அப்பா தலைகுனிந்து அவள் பார்த்ததில்லை. எஸ்டேட் ஆபிஸ் கேட்டில் நிற்கவைத்தபோதும் நிமிர்ந்துதான் நின்றார்.

"அவளுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் நாகூர் கனி.

"போன வாரமே."

இதுதான் அவரை அடித்தது. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா என் எதிர்லதான ஒக்காந்து சாப்புட்டா," என்றார், யாரிடம் என்றில்லாமல். "நான் ஒண்ணுமே பாக்கலையே."

"அவளே ஒங்ககிட்ட சொல்லணும்னு சொன்னா மாமா. வேற யாரும் சொல்லி நீங்க தெரிஞ்சிக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. அதக்கூட என்னால காப்பாத்த முடியல."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே ரஹ்மத் நிஷா யாரிடமோ ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் அட்டை காற்றில் ஆடியது. நாகூர் கனி இராஜமாணிக்கத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டு, போனை அவர் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"நான் எதையும் பாக்கல. நீயும் எதையும் படிக்கல, மாணிக்கம். அண்ணே, நீங்க அத அழிச்சிருங்க." பிறகு லோகேஸ்வரியிடம்: "நீயும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவ வந்து சொல்லட்டும். அப்பத்தான் நான் மொதல்ல கேக்கணும். புரியுதா?"

"மாமா, அட்டை..."

"அது இருக்கட்டும். சும்மான்னு சொன்னா சும்மாதான். ஒனக்குக் கெடச்சிருக்குல்ல? அதுக்குன்னு வச்சிக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் லோகேஸ்வரியை உட்காரவைத்தது. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பாள்.

நாகூர் கனி இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்கு வெளியே போய், சாலையைப் பார்த்தபடி நின்றார். தேநீர் ஆற்ற ரஹ்மத் நிஷா வந்தாள். "இந்த மனுசன் எங்க போனாரு, கூட்டத்த விட்டுட்டு?" என்று முணுமுணுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபஸீலாவின் மோட்டார் வந்தது.

லோகேஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். ஃபஸீலா ஹெல்மெட்டைக் கழற்றினாள், அத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த சிரிப்பு என்பது இங்கிருந்தே தெரிந்தது. ஏதோ சொன்னாள். நாகூர் கனி, "என்னம்மா சொல்ற?" என்பதுபோல் குனிந்து கேட்டார். திரும்பவும் சொன்னாள். இப்போது சிரிப்பு நிற்கவில்லை, உடைந்தது. அவர் மெதுவாக, அப்போதுதான் கேட்பவர்போல, ஒவ்வொன்றாகக் கேட்டார். இவ்வளவு நல்ல நடிகராக அவர் இருப்பார் என்று லுக்குட்டில் யாருக்கும் தெரியாது. மகள் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சேலைக்கடை வாசல்வரை அவளோடு நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"லோகா," என்றார் அர்ச்சுனன் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில். "முகநூல்ல அழிச்சிட்டேன். ஆனா..."

"என்னப்பா?"

"மன்னிப்புக் கேக்கணுமேன்னு அந்தப் புள்ளைக்குத் தனியாவும் அனுப்பிட்டேன்மா. வாட்ஸ்அப்புல. 'ஒன் படத்தக் கேக்காமப் போட்டது தப்பு, எடுத்துட்டேன்'னு எழுதி. அந்தப் படத்தோட."

லோகேஸ்வரி அப்பாவின் போனைப் பிடுங்கினாள். இருந்தது. தோளில் கையோடு பாதிப் படம், கீழே அர்ச்சுனனின் மன்னிப்பு. ஓரத்தில் ஒற்றை டிக். இன்னும் போய்ச் சேரவில்லை. ஃபஸீலா டேட்டாவை அடைத்து வைத்திருக்கிறாள். அழுத்திப் பிடித்தால் அழித்துவிடலாம். அழித்தாலும், அழித்த தடம் அங்கே இருக்கும். என்ன அழித்தாய் என்று கேட்பாள்.

"லோகா!"

ஃபஸீலா உள்ளே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவினமாதிரித் தெளிவாக இருந்தது. நேராக வந்து இவளைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்லா. நானே சொல்லிட்டேன். பயந்துக்கிட்டே வந்தேன், யாராவது அதுக்குள்ள ஒளறியிருப்பாங்கன்னு. அத்தாவுக்கு ஒண்ணுமே தெரியல." இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நீ காப்பாத்திட்ட. தேங்ஸ் லோகா."

அவள் தோளுக்கு மேல் பார்த்தால், அடுப்பருகே நின்ற நாகூர் கனியின் கண்கள் லோகேஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பரவால்லலா," என்றாள் லோகேஸ்வரி.

காலையில் தட்டிய இதயங்களையெல்லாம் மன்னித்துவிடலாம், வாசகிகளே. இந்த ஒரு வார்த்தையை மன்னிக்க எனக்கே மனசு வரவில்லை.

ஃபஸீலா எதிரில் உட்கார்ந்து, அந்த ஆறிப்போன தேநீரையே இழுத்து ஒரு வாய் குடித்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அப்பாடா. இனிமே டேட்டாவத் தொறக்கலாம். பயமில்ல."

மேசைக்கு அடியில், லோகேஸ்வரியின் கைக்குள் இருந்த அப்பாவின் போனில், ஒற்றை டிக் இரண்டானது.